கண்டதைக் கை செய்து முடிக்கும் வரை
(வெள்ளி விழாவில் மாலை வகுப்பு மாணவர்களிடையே ஆற்றிய உரை)



இருபத்தைந்து ஆண்டுகளின் வரலாற்றை எமக்கு முன் பேசியோர் நன்கு எடுத்துரைத்தனர். நாம் எடுத்துக்கொண்டது ஒரு சிறு பொருள். கரும்பலகையைப் பார்த்து எழுதும் பிள்ளை, ஒரே வரிக்கு மீண்டும் மீண்டும் தலை நிமிர்வது ஏன்?

நம்மில் பலர் இதற்காகவே வசை கேட்டவர்கள். கடைசி வரிசையில் அமர்த்தப்பட்டோம். நிமிர்ந்து நிமிர்ந்து எழுதினோம். "இவர்களுக்குத் தலையில் ஒன்றும் நிற்காது" என்றார் ஓர் ஆசிரியர். 'இவர்கள்' என்றது யாரை என்பது வகுப்பு முழுமைக்கும் விளங்கிற்று. அச்சொல்லை மெய்யென நம்பிப் படிப்பை விட்டவர்களும் நம் தெருக்களில் உண்டு.

கண்டதைச் சில விநாடிகள் மனத்தில் நிறுத்தி வேலைக்குப் பயன்படுத்தும் ஆற்றலைக் காட்சிச் செயல்நினைவு என்பர். அது எவருக்கும் சிறியதே. 1997இல் லக், வோகல் என்னும் அமெரிக்க அறிஞர்கள் வண்ணச் சதுரங்களைக் காட்டி மறைத்துச் சோதித்தபோது, மூன்று நான்கு பொருள்களுக்கு மேல் மனத்தில் நிற்கக் காணோம்.

அந்தச் சிறு இடத்தையும் மனிதர் முழுதாக நிரப்புவதில்லை. 1995இல் பாலார்ட், ஹேஹோ முதலியோர் வண்ணக் கட்டைகளின் அமைப்பொன்றைக் காட்டி, அதைப் பார்த்து அவ்வாறே அடுக்கச் சொன்னார்கள். கண்ணின் ஓட்டத்தைக் கருவியால் பதிந்தார்கள். பெரும்பாலும் ஒரு கட்டைக்கு இருமுறை மாதிரியின்பால் கண் சென்றது. முதற்பார்வை நிறத்திற்கு, கட்டையை எடுத்த பின் மறுபார்வை, வைக்கும் இடத்திற்கு. அப்போதைய வேலைக்கு வேண்டியதை அப்போதே எடுத்துக்கொள்வது மனத்தின் சிக்கனம். நிமிர்ந்து பார்த்த நம் பிள்ளை செய்ததும் அதுவே!

அவர்கள் இன்னொன்றும் கண்டனர். தலையைத் திருப்பினாலன்றிக் காண இயலாதவாறு மாதிரியை விலக்கி வைத்ததும், பார்வைகள் குறைந்தன. நினைவின் சுமை ஏறிற்று. முன் வரிசைப் பிள்ளைக்குப் பலகையே நினைவு. தலைகளுக்கிடையே எட்டிப் பார்க்கும் கடைசி வரிசைப் பிள்ளையோ தலையில் சுமந்தாக வேண்டும். மந்தம் என்று பெயர் வாங்கியவன் உண்மையில் கூடுதல் பாரம் தூக்கியவன் என்பதே எம் கருத்து.

இனி, வைத்துக்கொள்ளும் வடிவமும் ஒன்றன்று. 2022இல் ஹெண்டர்சன், ரேடமேக்கர், செரன்சஸ் என்போர் வெளியிட்ட ஆய்வில், ஓரிடத்தை நினைவில் வைக்கச் செய்து மூளையைப் படம் பிடித்தனர். எந்தக் கையால் விடையளிப்பது என்று முன்பே தெரிந்தபோது, காட்சிப் பகுதியில் அந்நினைவின் தடயம் குன்றி, உடலியக்கப் பகுதியில் எழுந்தது. தெரியாதபோது காட்சியாகவே நின்றது.

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தட்டச்சுப் பயின்றோர் இதை விரல்நுனியில் அறிவர். முதுநிலை ஆங்கிலத் தேர்வுக்கு நிமிடத்திற்கு 45 சொற்கள். விநாடிக்கு ஏறத்தாழ நான்கு தட்டல்கள். கண் தாளில் முந்திச் செல்லும். விரல் சில எழுத்துகள் பின்னே வரும். இடைப்பட்ட எழுத்துகளைப் படமாக வைத்துக் கொண்டிருந்தால் கை ஓடாது. எந்த விரல் என்பது தெரிந்தவுடன் எழுத்து அசைவாகிவிடுகிறது. பொருளற்ற எழுத்துக் குவியலைக் கொடுத்தால் தேர்ந்தவரும் தடுமாறுவர்.

சதுரங்கமும் அவ்வாறே. 1972இல் சென்னைச் சோவியத் பண்பாட்டு மையத்தில் மானுவேல் ஆரன் தொடங்கிய தால் கழகத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடி வளர்ந்தார். அத்தகைய வல்லுநர், ஆட்டத்து நிலையை ஐந்து விநாடி பார்த்தே திருப்பி அடுக்குவர். காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்தால், புதியவரைவிட அவர் பெரிதும் மேம்படுவதில்லை என்பதை 1973இல் சேஸ், சைமன் இருவரும் காட்டினர். அவரிடம் உள்ளது பெரிய பை அன்று, பழகிய கட்டு.

நம் மாலை வகுப்பில் இருக்கை வரிசையை வாரந்தோறும் மாற்ற வேண்டும் என்று செயலாளரிடம் விண்ணப்பித்தோம். இசைந்துள்ளார். முதல் வாரம் கடைசி வரிசைக்கு யார் போவது என்பதில்தான் பிள்ளைகளிடையே இன்னும் வழக்கு தீரவில்லை.