குடியேறிய இடமும் குடிகொள்ளாத மனமும்

மனிதர் வீடு மாறுவது எதனால்? வீடு பிடிக்கவில்லை, ஆதலால் மாறுகின்றனர் என்று எளிதில் விடை கூறிவிடலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. பிடித்த வீட்டை விட்டுச் செல்வோரும் உண்டு. பிடிக்காத வீட்டிலேயே ஆயுளைக் கழிப்போரும் உண்டு. ஆகவே, புறநகர்களில் புதிதாகக் குடியேறியவர்களின் நிலையை ஆராயும்போது, மனநிறைவு வேறு, இடம் மாறும் எண்ணம் வேறு என்பதை நாம் முதலில் உணரவேண்டும்.

அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் பீட்டர் ராஸி, பிலடெல்பியா நகரக் குடும்பங்களை ஆராய்ந்து 1955-இல் ஒரு நூல் வெளியிட்டார். குடும்பம் வளர்வதும் சுருங்குவதுமே வீடு மாற்றத்துக்குத் தலையாய காரணம் என்பது அவர் கண்ட முடிவு. புதுமணத் தம்பதிக்குப் போதுமாயிருந்த இரண்டு அறைகள், குழந்தைகள் வளர்ந்ததும் நெருக்கமாகிவிடுகின்றன. வீடு மாறவில்லை; வீட்டார் மாறினர். இங்கிலாந்தில் மைக்கேல் யங், பீட்டர் வில்மாட் ஆகிய இருவரும் 1957-இல் வெளியிட்ட நூல் மற்றொரு பக்கத்தைக் காட்டியது. கிழக்கு லண்டனின் நெருக்கமான தெருக்களிலிருந்து புறநகருக்குச் சென்றோர் நல்ல வீடும் தோட்டமும் பெற்றனர். ஆனால் கூப்பிடு தூரத்திலிருந்த தாயையும் உற்றாரையும் இழந்தனர்.

இவ்விரு உண்மைகளையும் நம் தலைநகரிலேயே காணலாம். தில்லி வளர்ச்சி ஆணையம் 1957-இல் அமைக்கப்பட்டது. அது உருவாக்கிய புறநகர்களுள் ஒன்று துவாரகை. பாப்பன்கலான் என்பது அதன் பழைய பெயர். தமிழர் உட்படப் பல மாநிலத்தவரும் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களில் சேர்ந்து, தவணை கட்டி, இங்கே வீடு பெற்றனர். தொடக்க ஆண்டுகளில் குழாய்நீர் போதவில்லை; ஆழ்குழாய் நீரையும் டாங்கர் லாரியையும் நம்பவேண்டியிருந்தது. அலுவலகம் சென்று மீள்வதே ஒரு யாத்திரை. 2005 டிசம்பர் 31 அன்று மெட்ரோ ரயில் துவாரகையை நகரின் நடுப்பகுதியோடு இணைத்தபின் அந்தத் துயரம் பெரிதும் தணிந்தது.

ரயில் வந்தது, தூரம் குறைந்தது. மனம் குடிகொண்டதா?

சொற்களை நாள்தோறும் நிறுத்துப் பார்ப்பது மொழிபெயர்ப்பாளராகிய நமது தொழில். ஆய்வுப் படிவத்திலுள்ள வினாவைத் தமிழாக்கும்போது, ‘திருப்தி’ என்று எழுதுவதா, ‘மனநிறைவு’ என்று எழுதுவதா? திருப்தி உண்டா என்று கேட்டால், ‘குறையொன்றும் இல்லை’ என்பர் நம்மவர். மனநிறைவு உண்டா என்றால் சற்றே தயங்குவர். ‘பழகிவிட்டது’ என்பது மூன்றாவது விடை. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆனால் பெரும்பாலோரின் உண்மையான விடை அதுவே.

‘வேறிடம் செல்லும் எண்ணமுண்டா?’ என்ற வினாவும் அத்தகையதே. கடன் தீராதவர் ‘இல்லை’ என்கிறார். அது நிறைவன்று, இயலாமை. இன்னொருவர், ‘ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போய்விடுவோம்’ என்கிறார். இருபது ஆண்டுகளாக அவர் சொல்லிவரும் சொல் அது. இதற்கிடையில் மகள் இங்கேயே படித்து இங்கேயே வேலையில் அமர்ந்துவிடுகிறாள். ஊரிலிருந்து வந்த முதிய தாயாரோ ஆறாவது மாடியில், பேச்சுத் துணையின்றி, மின்தூக்கி பழுதாகும் நாட்களில் வாயிற்படியும் இறங்காமல் இருக்கிறார். மகளுக்கு இது சொந்த ஊர். பாட்டிக்கு இது அயலூர். நடுவிலுள்ளவர்க்கோ இது தங்குமிடம்.

நிறைவேறாத எண்ணமும் விளைவற்றதன்று. ‘எப்படியும் போகப்போகிறோம்’ என்று கருதுகிறவர் சங்கக் கூட்டத்துக்குச் செல்வதில்லை, மரக்கன்று நடுவதில்லை, அடுத்த வீட்டாரின் பெயரையும் அறிவதில்லை. அவர் போகவுமில்லை, இருக்கவுமில்லை.

ஆதலின், புறநகர் அமைப்போர் குடிநீரையும் சாலையையும் கணக்கிடுவதோடு நில்லாமல், நள்ளிரவில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் யாரை அழைப்பார் என்றும் கேட்கவேண்டும். முதியோர் நடந்து சென்று அமர்ந்து பேச இடமுண்டா என்று பார்க்கவேண்டும். குடியிருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. நாளை புறப்படுவோமோ, மாட்டோமோ, அதைக் காலம் முடிவு செய்யும். இருக்கும் நாள்வரை அண்டை வீட்டாராக இருப்போம். நல்ல வீடு தவணையில் கிடைக்கும். நல்ல அயலாரை நாமே தேடிக்கொள்ளவேண்டும்.