வழுக்கும் தளமும் வாய்த்த பந்தும்
(மன்ற ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

'பௌலிங்' என்ற சொல்லைக் கேட்டதும் கண்டிவாசிகளின் நெஞ்சம் முத்தையா முரளிதரனிடம் ஓடுவது இயல்பே. இந்த ஊரில் பிறந்து, கட்டுகஸ்தோட்டையில் படித்து, 2007 டிசம்பரில் நமது அஸ்கிரிய மைதானத்திலேயே 709ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தி உலக சாதனையைத் தமதாக்கியவர் அவர். ஆனால் இன்று நான் பேச வந்தது வேறொரு பௌலிங். கனத்த பந்தை உருட்டி, குப்பி போன்ற பத்து முளைகளை வீழ்த்தும் விளையாட்டு அது. 1978இல் ஆசிய விளையாட்டு விழாவிலும், 1998இல் கோலாலம்பூர்ப் பொதுநலவாய விழாவிலும் இடம்பெற்றது. தொழில் தேடிக் கடல் கடக்கும் நம் பிள்ளைகள் பலர் அங்கே இதனைப் பழகிக்கொள்கிறார்கள். நானும் அப்படிப் பழகியவன்தான்.

பந்து ஓடும் தளம், கோட்டிலிருந்து முதல் முளை வரை 60 அடி நீளம். அதன் முற்பகுதியில், ஏறக்குறைய 40 அடி வரை, மெல்லிய எண்ணெய் பூசுவார்கள். ஒரு தளத்துக்கு 20 முதல் 30 மில்லிலீற்றர், நான்கு முதல் ஆறு தேக்கரண்டிதான்! மரத்தளம் தேயாதிருக்கவென்று தொடங்கிய வழக்கம், நாளடைவில் ஆட்டத்தின் உயிர்நாடியாகிவிட்டது. எண்ணெயில் பந்து வழுக்கிச் செல்லும். அதைக் கடந்து உலர்ந்த பகுதியைத் தொட்டதும் தரையைப் பற்றி வளையும். பின்னர் உருண்டு முளைகளைத் தாக்கும். நேரே செல்லும் பந்தை முளைகள் ஒதுக்கித் தள்ளிவிடும். ஏறக்குறைய 6 பாகைச் சாய்வில், முதல் முளைக்கும் அதன் பக்கத்து முளைக்கும் இடையே நுழையும் பந்தே பத்தையும் சரிக்க வல்லது.

கோலாலம்பூரில் வேலை பார்த்த காலத்தில், ஒரு மாதச் சேமிப்பைக் கொட்டி, முத்துப்போல் பளபளக்கும் பந்தொன்று வாங்கினேன். அழகைப் பார்த்தேனேயன்றி அதன் குணத்தைக் கேட்டேனில்லை. போட்டியன்று தளத்தில் எண்ணெய் கனமாக இருந்தது. என் பந்து சவர்க்காரக் கட்டிபோல நேரே வழுக்கிப் போயிற்று. கையில்தான் பிழையென்று எண்ணி மணிக்கட்டை மேலும் மேலும் முறுக்கினேன். கை சுளுக்கிற்று, எங்கள் அணியும் தோற்றது. 'எனக்கு இது வராது' என்று பந்தைக் கட்டிலுக்கடியில் போட்டுவிட்டேன். சில மாதங்களின் பின் அனுபவசாலியான முதியவர் ஒருவர் அதனை எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் கையில் குறையில்லை, இந்தப் பந்து உலர்ந்த தளத்துக்கு உரியது" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னை மீட்டது.

அவர் கற்பித்ததை உங்களுக்குச் சொல்கிறேன்.

கனத்த எண்ணெய்க்கு முதலிற் பார்க்கவேண்டியது பந்தின் மேலோடு. பிளாஸ்டிக் பந்து அங்கே வளையவே வளையாது. எஞ்சி நிற்கும் ஒற்றை முளையை நேரே அடிக்கத்தான் அது உதவும். 1980களில் பரவிய யூரிதேன் அதைவிடப் பற்றும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின் ஓட்டில் நுண்ணிய துளைகள் உண்டு. அவை எண்ணெயை உறிஞ்சுவதால் பந்து தரையை நன்கு பற்றும். அதிலும் முத்துப் பளபளப்புள்ளதை விடுத்து, மங்கலான வகையையே தெரிவு செய்யவேண்டும்.

இரண்டாவது, மேற்பரப்பின் சொரசொரப்பு. கடுகண்ணாவை ஏற்றத்தை நினைத்துப் பாருங்கள். 45 அடிக்கு ஓரடி உயரும் அந்தப் பாதையில், நீராவி இயந்திரங்கள் ஓடிய காலத்தில், மழைநாளில் அவற்றின் சக்கரங்கள் வழுக்கிச் சுழன்றால், சாரதி தண்டவாளத்தில் மணலைத் தூவுவார், சக்கரம் பற்றிக்கொள்ளும். அதே நியாயம்தான் இங்கும். 500 அல்லது 1000 இலக்கத் தேய்ப்புத் தாளால் பந்தைத் தேய்த்தால் அது எண்ணெயைக் கிழித்துச் செல்லும். ஆனால் போட்டி தொடங்குமுன் தேய்த்துவிட வேண்டும். தொடங்கியபின் விதி இடங்கொடாது.

மூன்றாவது, உள்ளே மறைந்திருக்கும் கரு. கருவின் அமைப்பு வலியதாயின், ஒவ்வொரு சுழற்சியிலும் எண்ணெய் படாத புதிய பகுதி தரையைத் தொடும். பந்தில் எண்ணெய் வளையங்கள் அருகருகே விரிந்து படிந்திருப்பதே அதற்கு அடையாளம். ஒவ்வொரு வீச்சின் பின்னும் அந்த எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்தல் அவசியம். துடைக்காத பந்து, எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், நாளடைவில் குணம் இழக்கும்.

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று அடுத்தடுத்து மூன்று அதிகாரங்கள் வைத்திருக்கிறார். பந்தின் எடை 16 இறாத்தல் வரை போகலாம். ஆயினும் உங்கள் தோளுக்கு இசைந்த எடையே உங்களுக்கு உரியது. அது வலியறிதல். ஆட்டம் செல்லச் செல்ல எண்ணெய் குறையும். அப்போது சொரசொரப்பான பந்து முன்கூட்டியே வளைந்து வலுவிழக்கும். பளபளப்பான பந்துக்கு மாறவேண்டும். அது காலமறிதல். தளத்தை அறிந்து பந்தை எடுப்பது இடனறிதல். நான் கட்டிலுக்கடியில் போட்ட அந்தப் பந்தும் பிற்பாடு, எண்ணெய் வற்றிய வேளைகளில், எனக்கு நன்றாகவே கைகொடுத்தது.

இளைஞர்களே, பரீட்சையிலோ தொழிலிலோ ஒருமுறை வழுக்கியதும் 'எனக்கு ஆற்றலில்லை' என்று ஒதுங்கும் பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். பெரியோர்களே, அவர்களை 'உதவாதவன்' என்று சொல்லிவிடும் வீடுகளையும் கண்டிருக்கிறேன். கையைக் குறை சொல்லுமுன் தளத்தைப் பாருங்கள்; எடுத்த பந்து அதற்குப் பொருந்துமா என்று பாருங்கள். அதை எடுத்துச் சொல்ல ஒரு மூத்தவர் அருகிலிருந்தால், கட்டிலுக்கடியிற் கிடக்கும் பந்துகள் பல மீண்டும் களத்துக்கு வரும். அந்த மூத்தவராக இருப்பது நம் மன்றத்தின் கடமை.