மாவள்ளிச் சிற்றுண்டிச்சாலை



அயலூருக்குச் செல்பவர் அங்குள்ள கோயிலையும் கோட்டையையும் காண்பதற்கு எவரையும் கேட்க வேண்டியதில்லை. வழிகாட்டி நூல்களே போதும். ஆனால் எங்கே உண்பது என்ற வினாவுக்கு அந்நூல்கள் தரும் விடை பெரும்பாலும் உதவுவதில்லை. ஒளிமிக்க விளக்குகளும் குளிரூட்டிய மண்டபங்களும் உள்ள இடங்களையே அவை போற்றும். பிள்ளை பரீட்சையில் தேறிய நாளன்று அவ்வூரார் குடும்பத்தோடு எங்கே செல்கின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டறிய வேண்டும். அதிலும் ஒருவரைக் கேட்டால் அவர் தம் மைத்துனரின் கடையைச் சொல்லக்கூடும். ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூவரைக் கேட்பதே என் வழக்கம்.

சென்ற விடுமுறையில் மனைவியுடன் பெங்களூர் சென்றிருந்தேன். தங்கியிருந்த விடுதியின் கணக்கப்பிள்ளை, பழைய புத்தகக் கடைக்காரர், ஓட்டோச் சாரதி ஆகிய மூவரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். அது எம்.ரி.ஆர். விரித்துச் சொன்னால் மாவள்ளி டிபன் ரூம்ஸ். ஹைதர் அலி அமைக்கத் தொடங்கிய லால்பாக் பூங்காவின் அயலிலே, லால்பாக் வீதியில் அது இருக்கிறது. சாரதி மட்டும், காலையில் பிந்திச் சென்றால் காத்து நிற்க நேரும் என்று எச்சரித்தார். அவ்வாறே நேர்ந்தது. பெயரைப் பதிந்துகொண்டு அமரச் சொன்னார்கள். பெயர் அழைக்கப்படும்வரை பத்திரிகை படிப்போரும், குழந்தையின் வாயில் விரலை வைத்து அமர்த்துவோருமாக ஒரு சிறு திருமண வீட்டையே அங்கே கண்டோம்.

அங்கே மேசை உமக்கென்று ஒதுக்கப்படுவதில்லை. இடமிருக்கும் மேசையில் அமர வேண்டும். எமது மேசையில் முன்னரே இருவர் இருந்தனர். ஒருவர் கறுப்பு மேலங்கியை மடித்து மடியில் வைத்திருந்த சட்டத்தரணி. மற்றவர் சுவருக்கு வர்ணம் பூசும் தொழிலாளி. நகக்கண்களில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. தமிழரான அவர், எம் பேச்சைக் கேட்டு யாழ்ப்பாணத்தவர் என்று உணர்ந்து, வேறொன்றும் வேண்டாம், முதலில் ரவை இட்டலி சொல்லுங்கள் என்றார்.

அந்த இட்டலியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல் பர்மா யப்பானியர் கைப்பட்டபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. எங்கள் தீவிலும் அதே ஆண்டிலேயே அரிசி பங்கீட்டுக்கு உட்பட்டது. கூப்பன் அரிசியும் கோதுமை மாவும் எம் முன்னோரின் அடுப்பங்கரையை மாற்றின. பெங்களூரில் அரிசி தட்டுப்பட்டபோது இந்தச் சிற்றுண்டிச்சாலையினர் இட்டலியைக் கைவிடாமல் அரிசியைக் கைவிட்டனர். ரவையை நெய்யிலே வறுத்து, தயிரிற் கலந்து, கடுகும் மரமுந்திரிகைப் பருப்பும் கொத்தமல்லித்தழையும் சேர்த்து ஆவியில் அவித்தனர். தட்டுப்பாட்டிலே பிறந்த பண்டம், தட்டுப்பாடு நீங்கிய பின்னும் நிலைத்துவிட்டது. உருளைக்கிழங்குச் சாகுவும் ஒரு சிறு கிண்ணத்தில் உருக்கிய நெய்யும் அதற்குத் துணையாக வருகின்றன. நெய்யைப் பார்த்து என் மனைவி, இரத்தத்திலுள்ள கொழுப்பைப் பற்றி மருத்துவர் சொன்னதை நினைவூட்டினார். அந்நினைவூட்டல் கிண்ணம் வெறுமையான பின்னரே என் செவியில் ஏறியது.

இந்நிலையத்தின் வரலாறு 1924 இல் தொடங்குகிறது. உடுப்பிப் பக்கத்துப் பாரம்பள்ளி என்ற ஊரிலிருந்து சமையல் வேலைக்காகப் பெங்களூர் வந்த மையா சகோதரர்கள் அதை நிறுவினர். பின்னர் அதன் பொறுப்பை ஏற்ற யக்ஞநாராயண மையா 1951 இல் ஐரோப்பா சென்றார். அங்குள்ள உணவுச்சாலைகளின் ஒழுங்கும் துப்புரவும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. திரும்பி வந்தபின் பாத்திரங்களைக் கொதிநீராவியினாற் கழுவும் முறையைக் கைக்கொண்டார். உண்ண வருவோர் சமையலறையைத் தம் கண்ணாலேயே காணலாம் என்றும் வழிசெய்தார். சமையலறைக் கதவைத் திறந்து வைப்பது எளிய காரியமன்று. எமது ஊர்ச் சாப்பாட்டுக் கடைகள் பலவற்றில் அக்கதவுக்கு முன் தொங்கும் சீலை எதற்காகத் தொங்குகிறது என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

1975 இல் இந்தியாவில் அவசரகால நிலை பிரகடனமான பின், உணவுச்சாலைகளின் விலையை அரசாங்கம் தாழ்த்தியது. தரத்தைக் குறைத்தால் அவ்விலைக்கு விற்க முடியும். இவர்களோ தரத்தைக் குறைக்காது விற்று, அன்றன்று ஏற்பட்ட நட்டத்தை வாசலில் எழுதி வைத்தனர் என்பர். ஈற்றில் கடையை மூடிவிட்டுப் பொடிவகைகளையும் உடனே சமைக்கத்தக்க மாக்கலவைகளையும் விற்றனர். அவை இன்று கடல் கடந்தும் விற்பனையாகின்றன. உணவுச்சாலை சில ஆண்டுகளின் பின்னரே மீண்டும் திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் விட என் சிந்தையைக் கவர்ந்தது அதன் பழைய பெயர். 1924 இல் அதற்குப் பெயர் பிராமின் கோப்பி கிளப். தென்னிந்தியாவில் அக்காலத்தில் அத்தகைய பெயர்ப்பலகைகள் மலிந்திருந்தன. சமைப்பவரின் பிறப்பே சோற்றின் சுத்தத்துக்கு உத்தரவாதம் என்பது அவற்றின் பொருள். சென்னைத் திருவல்லிக்கேணியில் அத்தகைய ஒரு பலகையிலிருந்து அச்சொல்லை நீக்குமாறு பெரியார் ஈ. வே. ராமசாமி 1957 இல் மறியல் நடத்தினார். பெங்களூர்க் கடை 1960 இல் இன்றைய இடத்துக்கு வந்தபோது வட்டாரத்தின் பெயரைச் சூடிக்கொண்டது. அதற்கு முன்பே அங்கே கொதிநீராவி வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள். குலத்தினாற் சொல்லப்பட்ட சுத்தம், கழுவிய பாத்திரத்தினாற் சொல்லப்படும் சுத்தமாயிற்று. இந்த மாற்றத்தை நான் அந்த நெய்யினும் மேலாக மதிக்கிறேன்.

நாமும் இதைப் பிறர் கதையாகக் கேட்டிருக்க முடியாது. எங்கள் நாட்டிலும் சாதி காரணமாக உணவுச்சாலையில் ஒருவருக்கு இடம் மறுப்பதைக் குற்றமாக்கும் சட்டம் அதே 1957 இல் இயற்றப்பட்டது. சட்டம் வந்தபின்னரும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தேநீர்க் கடைகள் பலவற்றில் வாங்கு ஒருசாராருக்கும் விறாந்தைத் தரை மற்றொரு சாராருக்கும் உரியனவாக இருந்தன. 1960களின் பிற்பகுதியிலே, சங்கானை முதலிய இடங்களில், ஒரு கோப்பைத் தேநீரை அமர்ந்திருந்து குடிக்கும் உரிமைக்காக மனிதர் போராட வேண்டியிருந்தது. உயிர்களும் பலியாயின.

எங்கள் பாடசாலையிற் கற்பித்து ஓய்வுபெற்ற முதிய ஆசிரியர் ஒருவர் அக்காலத்தைக் கண்டவர். தம் தந்தையார் கடைக்கு வெளியே நின்று வேறு பாத்திரத்தில் தேநீர் வாங்கியதையும், குடித்தபின் தாமே கழுவிக் கவிழ்த்து வைத்ததையும் சொல்லியிருக்கிறார். ஊர் திரும்பியதும் அவரிடம் பெங்களூர் மேசையைப் பற்றிச் சொன்னேன். இட்டலியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"கோப்பி குடித்த குவளைகளை யார் எடுத்தது, அதிபர்?" என்றார்.

பரிமாறியவரே எடுத்தார் என்றேன். சட்டத்தரணியுடையது, வர்ணம் பூசுபவருடையது, எங்கள் இருவருடையவை, நான்கையும் ஒரே தட்டத்தில் அடுக்கிக்கொண்டு உள்ளே சென்றார் என்றேன்.

"நான்கையும் ஒன்றாகவோ?" என்று மறுபடியும் கேட்டார்.

ஒன்றாகத்தான்.