முதலில் எட்டும் கை



வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் பதித்த கல்லில் ஒரு கணக்கு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள். அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள். அதே போருக்கு நம் தோலும் போனது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட மாட்டுத்தோலைச் சென்னை மாகாணத்திலிருந்து அன்றைய அரசே மொத்தமாக வாங்கி, சிப்பாய்களின் பூட்ஸுக்காகக் கப்பலேற்றியது. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை இன்றும் மக்கள் ராணுவப்பேட்டை என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருக்கிற ஊர் அது. பிள்ளைகளைப் போர்முனைக்கு அனுப்புகிற மண்ணில் வாழ்கிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. குண்டு பட்டு விழுந்தவனை அந்த நிமிடத்தில் யார் பார்க்கிறார்கள்?

யார் நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ அந்தப் பெரியவர் ராணுவ மருத்துவப் படையில் நர்சிங் அசிஸ்டெண்டாக இருந்தவர். மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்லர். ஆனால் போர்முனையில் உயிர் நிற்பதும் போவதும் பெரும்பாலும் அவரைப் போன்றவர்களின் கையில்தான் இருக்கிறது. இன்று நான் பேச வந்தது அவர்களைப் பற்றி.

வளர்ந்த ஆணின் உடம்பில் ஓடுவது ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம். தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடும். ஹெலிகாப்டர் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்தச் சில நிமிடங்களுக்குள் வராது. அமெரிக்கப் படை மருத்துவர்கள் 2001 முதல் 2011 வரை ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த தங்கள் வீரர்கள் 4,596 பேரின் ஆவணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். அறுவை மருத்துவர் இருக்கிற இடத்தை எட்டும் முன்பே இறந்தவர்கள் 87 விழுக்காடு. அப்படி இறந்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவரைப் பிழைக்க வைத்திருக்க வாய்ப்பு இருந்தது. அந்த நான்கில் ஒரு பங்கினரில் பத்துக்கு ஒன்பது பேரைக் கொன்றது ரத்தப்போக்கு.

பாக்தாதில் ஒரு ராணுவ மருத்துவமனையில் எடுத்த கணக்கும் இதையே சொல்கிறது. டூர்னிக்கெட் என்னும் இறுக்குப் பட்டையை, ரத்தம் இழந்து உடம்பு அதிர்ச்சி நிலைக்குப் போகும் முன்பே கட்டியவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதிர்ச்சிக்குப் பிறகு கட்டியவர்களில் பிழைத்தது 10 விழுக்காட்டினர். பட்டை ஒன்றுதான், வேறுபாடு கட்டிய நேரத்தில். ஆகவே அது மருத்துவரின் பையில் மட்டும் இருந்து பயனில்லை. விழுந்தவனின் சட்டைப் பையில் இருக்கவேண்டும், பக்கத்தில் இருக்கிறவனுக்குக் கட்டத் தெரிந்திருக்கவேண்டும்.

எப்படிக் கட்டுவது? காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, உடம்புக்கு அருகில் உள்ள பக்கத்தில். முட்டியின் மீதோ முழங்கையின் மீதோ கட்டக்கூடாது. பட்டையை இழுத்து மாட்டி, அதில் உள்ள சிறு கோலைத் திருகவேண்டும். ரத்தம் நிற்கும் வரை திருகவேண்டும். அடிபட்டவன் வலி தாங்காமல் கத்துவான். அதற்காகக் கையைத் தளர்த்தக்கூடாது. பிறகு நேரத்தைக் குறிக்கவேண்டும். தாள் இல்லாவிட்டால் நெற்றியிலேயே எழுதலாம். இரண்டு மணி நேரம் வரை கை கால் பெரும்பாலும் கெடுவதில்லை. இடையில் அவிழ்த்துப் பார்க்கும் ஆசையை அடக்கவேண்டும். தொடை இடுக்கிலும் அக்குளிலும் பட்டை கட்ட முடியாது. அங்கே சுத்தமான துணியைக் காயத்தின் ஆழத்துக்குள்ளேயே திணித்து, உடம்பின் எடை முழுவதையும் கொடுத்து அழுத்திக்கொண்டே இருக்கவேண்டும். அடிபட்டவனைப் போர்வையால் மூடவும் வேண்டும். குளிர்ந்த ரத்தம் சரியாக உறையாது. வெயில் கொளுத்துகிற நாளிலும் இந்தப் போர்வை தேவை.

இத்தனையையும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பெரிய வித்தை என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம்.

நெப்போலியனின் படையில் லாரே என்ற அறுவை மருத்துவர் இருந்தார். போர் ஓய்ந்த பிறகு காயம்பட்டவர்களைத் தேடிப் போவதுதான் அன்றைய வழக்கம். லாரே போர் நடக்கும்போதே விரைந்து ஓடும் குதிரை வண்டிகளைக் களத்துக்குள் அனுப்பினார். தளபதியா சிப்பாயா என்று பாராமல், காயத்தின் கடுமையைப் பார்த்து முன்பின் வரிசை வைத்தார். முதல் உலகப் போரில் தொடை எலும்பு முறிந்தவர்களில் 80 விழுக்காட்டினர் இறந்துகொண்டிருந்தார்கள். தாமஸ் சிம்பு என்ற எளிய இரும்புச் சட்டத்தைக் களத்திலேயே கட்டத் தொடங்கியதும் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. இந்த இரண்டு மாற்றங்களும் மருந்தால் வந்தவை அல்ல.

இனி, நம் பக்கத்துப் பெயரைத் தாங்கிய ஒருவரைப் பற்றி. லெப்டினன்ட் கர்னல் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். நம் பள்ளிப் பாடங்களில் இந்தப் பெயர் இல்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம். 1941-ல் பாராசூட்டில் குதித்த முதல் இந்தியர்கள் இருவர். ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். மற்றவர் அவர்களுடைய பட்டாலியனின் மருத்துவரான ரங்கராஜ்.

1950-ல் கொரியாவில் போர் மூண்டபோது, சண்டைக்குப் படை அனுப்புவதில்லை, மருத்துவப் படை அனுப்புவோம் என்று நேருவின் அரசு முடிவெடுத்தது. 60ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ் அந்த நவம்பரில் கொரியாவில் இறங்கியது. ஏறத்தாழ 350 பேர், தலைமை ரங்கராஜ். போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே சீனப் படை இறங்கிவர, பியோங்யாங்கைக் கைவிட்டுப் பின்வாங்கும்படி உத்தரவு வந்தது. தளவாடங்களை ஏற்றிக்கொள்ள வண்டி இல்லை. மருந்தையும் அறுவைக் கருவிகளையும் அழித்துவிட்டு ஆட்கள் மட்டும் வரலாம். ரங்கராஜும் அவருடைய ஆட்களும் அதற்கு உடன்படவில்லை. கருவி இல்லாமல் தெற்கே போய் என்ன செய்வது? கைவிடப்பட்ட பழைய ரயில் எஞ்சின் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் ஓட்டத் தெரிந்தவர்கள் அவர்களுக்குள்ளேயே இருந்தார்கள். வாளி வாளியாகக் கைமாற்றித் தண்ணீர் ஊற்றி, கொதிகலனை நிரப்பி, தளவாடம் முழுவதையும் ஏற்றிக்கொண்டு, பாலம் தகர்க்கப்படும் முன்பே ஆற்றைக் கடந்து சியோல் போய்ச் சேர்ந்தார்கள்.

1951 மார்ச் 23 அன்று முன்சான்-னியில் அமெரிக்காவின் 187ஆவது வான்வழிப் படைப்பிரிவு பாராசூட்டில் இறங்கியபோது, ரங்கராஜ் உட்பட இந்தியர்கள் 12 பேர் கூடவே குதித்தார்கள். இறங்கிய இடத்திலேயே அறுவைச் சிகிச்சை தொடங்கியது. இந்திய மருத்துவப் படையின் இன்னொரு பகுதி மேஜர் பானர்ஜியின் பொறுப்பில் தேகுவில் தங்கி, கொரியப் பொதுமக்களுக்கும் வைத்தியம் பார்த்தது. 1954-ல் நாடு திரும்புவதற்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை. 2,300-க்கும் மேல் அறுவை. ரங்கராஜுக்கும் பானர்ஜிக்கும் மகாவீர் சக்ரா. ஒரு துப்பாக்கிக் குண்டு கூடச் சுடாமல் இந்தியப் படை பெற்ற பெருமைகளில் இதற்கு இணையாக நான் வேறொன்றையும் சொல்லமாட்டேன். பிற்காலத்தில் ரங்கராஜ் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஆப்கானிஸ்தானில் பெரியம்மையை ஒழிக்கும் பணிக்குப் போனார். அங்கேயும் நோய் இருக்கிற கிராமத்தைத் தேடிப் போவதுதான் வேலை.

இதெல்லாம் போர்முனைக்குத்தானே, தோல் தொழில் நடக்கும் ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் என்ன என்று கேட்கலாம். இந்த மாவட்டத்தில் கேஷுவால்டி வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். டேனரி மெஷினில் கை சிக்கியவரை ஆட்டோவில் கொண்டுவருவார்கள். மேலே துண்டு, அதன் மேல் இன்னொரு துண்டு, அதற்கும் மேல் யாரோ கழற்றிக் கொடுத்த சட்டை. எல்லாம் நனைந்திருக்கும். அவிழ்த்துப் பார்த்தால் காயத்தில் காப்பித் தூள் அப்பியிருக்கும். அறுந்த தமனியை அழுத்தியபடி ஒரு விரல்கூட இருந்திருக்காது. கூட வந்தவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர்; மூச்சிரைக்க ஓடிவந்து, வாசலில் அழுதுகொண்டு நிற்பவர்கள். அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டேனரியின் கழிவுத் தொட்டி இன்னும் கொடியது. உள்ளே மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற அண்ணன் இறங்குகிறார், அவரைத் தூக்கப் பக்கத்தில் இருந்தவர் இறங்குகிறார். ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு மூவரையும் கொண்டுபோய்விடுகிறது. போர்க்கள மருத்துவத்தின் முதல் விதி இதைப் பற்றியதுதான்: எதிரியின் சூடு ஓயும் முன் காயம்பட்டவனிடம் ஓடாதே, ஓடினால் எடுத்துவர இரண்டு உடல். தொட்டிக்குள் காற்று செலுத்தாமல், மூச்சுக் கருவியும் இடுப்புக் கயிறும் இல்லாமல் எவரும் இறங்கக்கூடாது. இறங்கத் துடிக்கிறவரைப் பிடித்து நிறுத்துவதும் உயிர் காக்கும் வேலை. உண்மையில் மனிதரை அந்தத் தொட்டியில் இறக்குகிற வழக்கமே ஒழியவேண்டும்.

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையையும் மறந்துவிடக்கூடாது. விடியற்காலையில் ஷூ கம்பெனி வண்டிகளில் பெண்கள் நிறைந்து போகிற சாலை அது. 108 ஆம்புலன்ஸ் வண்டி 2008 முதல் ஓடுகிறது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு 2021 டிசம்பர் முதல் மாநில அரசின் திட்டம் இருக்கிறது. 2022-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை தன் ராணிப்பேட்டை வளாகத்தில் உயர்நிலை விபத்துச் சிகிச்சை மையத்தைத் திறந்தது. சாலை விபத்தில் உதவி செய்தவரைப் போலீசும் கோர்ட்டும் அலைக்கழிக்காமல் இருக்க, 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்புத் தருகிறது. ஆக, ஆஸ்பத்திரி இருக்கிறது, வண்டி இருக்கிறது, சட்டம் இருக்கிறது. வண்டி வந்து நிற்கும் வரையிலான பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத்தான் ஆள் இல்லை.

அந்த ஆளும் நம்மிடம் இருக்கிறார் என்பதுதான் என் துணிவு. நம் ஷூ கம்பெனிகளின் கேட்டைப் பாருங்கள். காவலுக்கு நிற்பவர்களில் எத்தனை பேர் முன்னாள் ராணுவத்தினர்! பீல்டு டிரஸ்ஸிங் கட்டவும், அடிபட்டவனைத் தோளில் தூக்கவும் படையில் பழகியவர்கள். வாங்கிய பயிற்சியை லாரி எண் எழுதும் நோட்டுப் புத்தகத்தோடு முடக்கி வைத்திருக்கிறோம். கேட்டில் ஒரு பை மாட்டுங்கள்: இரண்டு டூர்னிக்கெட், சுருள் துணிகள், கத்தரிக்கோல், கையுறை, ஒரு போர்வை, மை பேனா. ஆண்டுக்கு ஒரு நாள் மருத்துவர் வந்து அவர்களுக்குப் பழையதைப் புதுப்பிக்கட்டும். ஷிப்டுக்கு நான்கு தொழிலாளர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, அவர்கள் சொல்லித் தரட்டும்.

அந்தப் பெரியவர் நினைவாக இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அறக்கட்டளையின் இந்த ஆண்டு வட்டித் தொகையில் எனக்கென ஒதுக்கியதை அப்படியே முதல் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாளும் இடமும் குறித்தால் சொல்லிக் கொடுக்க நானே வருகிறேன்.