ஒரு சொல், இரு பொருள்



அறிவியலைத் தமிழில் கற்பிக்க இயலுமா என்னும் வினா ஓய்ந்துவிட்டது. தமிழகத்திலும் ஈழத்திலும் பள்ளிப் பிள்ளைகள் பல்லாண்டுகளாக இயற்பியலைத் தமிழிலேயே கற்று வருகின்றனர். இன்று எழுந்து நிற்கும் வினா வேறு: இரு நிலத்தாரும் கற்பது ஒரே தமிழா?

ஒரு பொருளில் செறிந்துள்ள பருப்பொருளின் அளவு ஒன்று. அதனை ஞாலம் தன்பால் இழுக்கும் விசை மற்றொன்று. முன்னது எங்குச் சென்றாலும் மாறாது. பின்னது இடத்திற்கேற்ப மாறும். 60 கிலோகிராம் உள்ள ஒருவனை ஞாலம் ஏறத்தாழ 588 நியூட்டன் விசையோடு இழுக்கின்றது. அவனே நிலவில் நின்றால் அவ்விழுப்பு ஆறில் ஒரு பங்கே. ஆயினும் அவன் உடலில் ஒரு துகளும் குறைந்ததில்லை. 1687ஆம் ஆண்டில் வெளிவந்த நியூட்டனின் பெருநூல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியது.

இனி உந்தத்தைக் காண்க. 500 கிலோகிராம் தோணியொன்று நொடிக்கு 1 மீட்டர் விரைவில் கரைநோக்கி வருகின்றது. அதன் எடை முழுவதையும் நீரே தாங்கி நிற்கின்றது. எனினும் கைந்நீட்டி அதனைத் தடுப்பார் பின்னுக்குத் தள்ளப்படுவர். ஏன்? உந்தம் எடையைச் சார்ந்ததன்று. பருப்பொருளின் அளவையும் விரைவையும் பெருக்கி வருவது. அரைக் கிலோகிராம் கல்லுக்கு அவ்வளவு உந்தம் வேண்டின், அது நொடிக்கு 1000 மீட்டர் பறத்தல் வேண்டும்!

இங்கேதான் இடர் முளைக்கின்றது. தமிழகப் பாடநூல் முன்னதை 'நிறை' என்றும் பின்னதை 'எடை' என்றும் வழங்குகின்றது. ஈழத்துப் பாடநூலோ முன்னதைத் 'திணிவு' என்றும் பின்னதை 'நிறை' என்றும் வழங்குகின்றது. உந்தம் என்பது நிறையையும் விரைவையும் பெருக்கி வருவது என்று இங்கு அச்சிட்டதை அங்குள்ள மாணவன் படித்தால், இழுவிசையை விரைவால் பெருக்குவான், கணக்குப் பிழைபடும். பிழை மாணவனுடையதன்று, சொல்லைப் பிளந்தாருடையது.

எந்நிலத்தாரும் தவறு செய்தாரல்லர். தொல்காப்பியமே அளவு, நிறை என இருவகைப் பெயர்களைச் சுட்டுகின்றது. அங்காடியில் நிறுத்தலுக்கு அப்பழஞ்சொல் ஒன்றே போதியதாயிருந்தது. அறிவியல் இரண்டாகப் பிரித்தபோது, இரு கரையாரும் தத்தம் வழியே சென்றனர்.

தீர்வு தமிழிலேயே உள்ளது. திணிந்திருப்பது திணிவு, எடுக்குங்கால் உணரப்படுவது எடை, உந்துவது உந்தம். மூன்றும் தமிழ் வேரினின்று கிளைத்தவை, ஒன்றோடொன்று மயங்காதவை. 'நிறை' என்பதைப் பொதுவழக்கிற்கு விட்டு, அறிவியலில் திணிவு, எடை என இரு நிலத்தாரும் கொள்க. விட்டுக்கொடுப்பது ஆளுக்கொரு சொல். பெறுவது ஒரே அறிவியல் தமிழ்.

ஆங்கிலத்தை விலக்கிவிட்டுத் தமிழைத் தமிழனுக்கே விளங்காததாக்குவது தமிழ்த்தொண்டாகாது. பாடநூல் யாக்கும் அறிஞர்கள் கடல்கடந்து ஓர் அவையில் அமர்க! சொல்லால் ஒன்றுபடாத இனம் வேறெதனால் ஒன்றுபடும்?

வெல்க தமிழ்!