இறக்கிவிட ஆளில்லை

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாக நோயுற்றுக் கிடந்தவர் இயேசுவிடம் சொன்ன குறை ஒன்றுதான்: தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆளில்லை. குடிநோயில் கிடக்கும் நம் சகோதரரின் குறையும் அதுவே. நாமோ அவருக்கு அறிவுரை சொல்கிறோம், சத்தியம் வாங்குகிறோம், தவறினால் ஒதுக்கிவிடுகிறோம்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்த இருவர் மனம்விட்டுப் பேசினார்கள். அதில் பிறந்ததே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். அதே நகரின் புனித தோமா மருத்துவமனையில் அருள்சகோதரி இக்னேசியா 1939 முதல் குடிநோயாளரைச் சேர்த்துக்கொண்டார். வீடு திரும்புவோரிடம் திரு இருதயப் பதக்கம் ஒன்றைத் தந்து, மறுபடி குடிக்குமுன் அதைத் திருப்பித் தரவேண்டும் என்றார்.

இக்கூட்டங்களுக்குக் கட்டணமில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் போதும். அங்கே பேசுவது வெளியே போகக்கூடாது என்பது வழக்கம். குடும்பத்தாருக்கு அல்-அனான் கூட்டங்கள் உண்டு. குடி நின்றதும் கை நடுங்குபவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.

முதல் நாள் தனியே போவதுதான் கடினம். வாசல்வரை போய்த் திரும்பிவிடுவோர் உண்டு. இந்த வாரம் நாம் ஒருவரோடு அந்த வாசல்வரை நடப்போம். அவர் எங்கே போனார் என்பதை யாரிடமும் சொல்லாதிருப்போம். ஆண்டவர் நம்மோடு நடப்பாராக. ஆமென்.