முதுகெலும்பும் எஃகுக் கோலும்

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



கல்வியைப் பற்றியும் விவாகச் செலவைச் சுருக்குவதைப் பற்றியும் பேசிப் பழகிய இம்மேடையில் முதுகெலும்பைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நம்மவர் இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. தன் பெண்ணின் தோள் ஒன்று மற்றொன்றினும் உயர்ந்திருப்பதைத் தாய் காண்கிறாள். ஜாதகம் வெளியே போகவேண்டிய காலம் வந்துவிடுமே என்று அஞ்சி, மேலாடையை அகல விட்டும் கூந்தலைத் தாழப் பின்னியும் அதனை மறைக்கிறாள். தகப்பனாரிடங்கூடச் சொல்வதில்லை. வைத்தியரிடம் சென்றால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று இரண்டு மூன்று வருஷங்கள் கழிகின்றன. அவ்விரண்டு மூன்று வருஷங்களே அப்பெண்ணின் உடல் விரைந்து வளருங் காலம். கோணலும் உடன் வளருங் காலம். மறைத்த தாயைக் குறைகூற நாம் வரவில்லை. முதுகு கோணினால் செய்யத்தக்கது யாதுமில்லை என்று அவள் நம்புகிறாள். அந்நம்பிக்கை எத்துணைப் பழையதாகிவிட்டது என்பதை எடுத்துரைக்கவே இன்று எழுந்தோம்.

முதுகெலும்பு ஒரே எலும்பன்று. பிறக்கும்போது அது 33 துண்டுகளாக உள்ளது. கழுத்தில் 7, மார்பின் பின்புறத்தில் 12, இடுப்பில் 5 ஆக 24 துண்டுகள் வாழ்நாள் முழுதும் அசையுந் தன்மையன. ஏனையவை வளர வளர ஒன்றோடொன்று கூடிவிடுகின்றன. ஒவ்வொரு துண்டின் பின்னும் ஒரு வளையம் உண்டு. வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் குழாய்போல் ஆக, அதனுள்ளே தண்டுவடம் ஓடுகின்றது. கைகால்களை ஆட்டுவிக்கும் நரம்புகளெல்லாம் அதிலிருந்தே பிரிகின்றன. ஆகவே முதுகெலும்பைத் தொடும் ரண வைத்தியர், விளக்கின் திரியைத் தொடாமல் தண்டை நிமிர்த்த முயல்பவரை ஒப்பர்.

இவ்வெலும்பு கெடும் வகை பல. முன்னோக்கி மடிவது கூன். அதற்குப் பெருங் காரணமாய் இருந்தது எலும்பில் பற்றும் க்ஷயரோகம். கூனோடு கால்கள் மரத்துப்போவதை லண்டனில் பெர்சிவல் பாட் என்னும் ரண வைத்தியர் 1779-இல் விவரித்தெழுதினார். பக்கவாட்டில் வளைவது மற்றொன்று, ஸ்கோலியோஸிஸ் என்பர். அது வெறும் வளைவன்று, முறுக்கமுங் கூட. அதனாலேயே விலாவெலும்புகள் ஒருபுறம் புடைத்து நிற்கின்றன. முற்காலத்தில் இளம்பிள்ளை வாதத்தால் அது பலருக்கு நேர்ந்தது. இந்நாளில் பத்து வயதிற்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு வருவதில் பெரும்பகுதிக்குக் காரணம் இன்னதென்று தெளியப்படவில்லை. புத்தகப் பையின் கனத்தாலோ, கோணி உட்காருவதாலோ, தாய் கருவுற்றிருந்தபோது செய்த யாதொரு செய்கையாலோ அது வருவதன்று. இதை மாமியார்மார் முக்கியமாய்க் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம்.

நிற்க. எலும்பை உலோகத்தால் கட்டும் எண்ணம் புதியதன்று. 1891-இல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாகாணத்தில் ஹட்ரா என்பவர், கழுத்தெலும்பு முறிந்த ஒருவருக்கு அத்துண்டுகளின் முட்களை வெள்ளிக் கம்பியால் பிணைத்தார். 1911-இல் நியூயார்க்கில் ஹிப்ஸ், ஆல்பீ என்னும் இருவர் தனித்தனியே வேறொரு வழி கண்டனர். ஆல்பீ காலெலும்பிலிருந்து ஒரு சீவலை எடுத்து முதுகில் பதித்தார். ஹிப்ஸ் முதுகெலும்பின் சிறு துணுக்குகளையே ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தார். நாளடைவில் அவை வேர்பிடித்தாற்போல் ஒன்றிப் பல துண்டுகள் ஒரே எலும்பாயின. க்ஷயத்தால் அரிக்கப்பட்ட முதுகு மேலும் மடியாதிருக்கச் செய்த உபாயம் இது. ஆனால் எலும்பு ஒட்டும்வரை நோயாளி மாதக்கணக்காய் மாவுக்கட்டினுள் படுத்துக் கிடக்க வேண்டும். அப்பொழுதும் ஒட்டாது போவதுண்டு. ஒட்டினும் பழைய கோணல் பெரும்பாலும் அப்படியே நின்றது.

இனி நம் கதையின் நாயகரிடம் வருவோம். பால் ஹாரிங்டன் என்பவர் இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் ஹூஸ்டன் நகரில் தொழில் தொடங்கிய எலும்பு வைத்தியர். அவ்வாண்டுகளில் இளம்பிள்ளை வாதம் அந்நகரில் பரவி எண்ணற்ற பிள்ளைகளின் தசைகளைச் செயலறச் செய்தது. இழுத்துப் பிடிக்கும் தசை சோர்ந்தமையால் முதுகு சரிந்தது. சரிந்த முதுகு நுரையீரலை நெருக்கியது. வழக்கமான மாவுக்கட்டைப் போடலாமென்றால், மூச்சுவிடவே வலியற்ற மார்பை அது இறுக்கும். வெளியே கட்டுப்போட முடியாத இடத்தில் உள்ளே ஒரு தாங்கி வைத்தாலன்றி வேறு வழியில்லை. கண்டுபிடிக்க வேண்டுமென்ற ஆசையினால் அன்று, வேறு கதியின்மையால் பிறந்தது அவர் கருவி.

அக்கருவி மிக எளியது. கோணலின் உட்குழிந்த பக்கத்தில் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு கொக்கி. இரண்டிற்கும் நடுவே ஓர் எஃகுக் கோல். கோலின் மேற்பகுதியில் பல்பல்லாய் வெட்டு உண்டு. மோட்டார் வண்டியின் சக்கரத்தை மாற்றும்போது ஜாக்கியால் பல்பல்லாய் உயர்த்துகிறோமன்றோ? அவ்வாறே கொக்கியை ஒவ்வொரு வெட்டாய் மேலேற்ற, மடிந்த முதுகு நீளும். தொடக்கத்தில் அவர் இக்கருவிகளைப் பட்டறையில் தம் கையாலேயே செய்துகொண்டார் என்பர்.

ஆனால் ஈண்டொரு பாடம் காத்திருந்தது. முதலில் அவர் கோலை மாத்திரம் வைத்தார்; எலும்பை ஒட்டவைக்கவில்லை. முதுகு நிமிர்ந்தது, பிள்ளைகள் மகிழ்ந்தனர்; சின்னாளில் கோல் முறிந்தது, அல்லது கொக்கி கழன்றது. எஃகு எங்ஙனம் முறியும் என்பீர்கள். ஒரு கம்பியை இருபுறமும் மடக்கி மடக்கி முறிப்பதைச் சிறுவரும் அறிவர். நாம் விடும் ஒவ்வொரு மூச்சும், வைக்கும் ஒவ்வோரடியும் அக்கோலை மயிரிழையளவு வளைக்கின்றன. ஆண்டொன்றில் அவ்வளைவு பல லட்சம் முறை நிகழ்கின்றது. எலும்போ உயிருள்ளது, தேய்ந்ததைத் தானே புதுப்பித்துக்கொள்ளும். உலோகத்திற்கு அவ்வாற்றல் இல்லை. ஆகவே கோல் தாங்கி நிற்கும் காலத்திற்குள் எலும்பு ஒட்டிவிட வேண்டும். எலும்பு முந்தினால் நோயாளிக்கு ஜயம், உலோகம் முந்தி முறிந்தால் மறுபடியும் கத்தி. ஹாரிங்டன் இதையுணர்ந்து, ஹிப்ஸ் காட்டிய எலும்பொட்டும் முறையையும் தம் கோலோடு சேர்த்தார். 1962-இல் தம் அனுபவத்தை வெளியிட்டார். அன்றுமுதல் இன்றுவரை முதுகில் வைக்கும் கோலும் திருகாணியும், சிற்சில தவிர, வீடு கட்டுங்கால் நிறுத்தும் சாரத்தைப் போன்றவையே. சாரம் எவ்வளவு அழகியதாயினும் வீடு எழுந்தாலன்றிப் பயனில்லை.

அவர் கோலுக்குக் குறையும் இருந்தது. நீட்டி நீட்டி நிமிர்த்தியமையால் இடுப்பிலிருக்க வேண்டிய இயற்கை வளைவும் தட்டையாயிற்று. பலர் பிற்காலத்தில் நேரே நிற்கமாட்டாமல் முன் சாய்ந்து நடந்தனர். சிகிச்சைக்குப் பின் மாவுக்கட்டும் நீங்கினபாடில்லை.

இக்கட்டை நீக்கியவர் செல்வத் தேசத்தவரல்லர் என்பதை நம்மனோர் கவனிக்கவேண்டும். 1970-களில் மெக்ஸிகோ நகரத்து வைத்தியர் எட்வர்டோ லூக்கே என்பவரிடம் வந்தோர் ஏழைகள். தொலைதூரக் கிராமங்களிலிருந்து வந்தோர். கட்டைப் போட்டனுப்பினால் மீண்டும் காட்ட வரமாட்டார்கள். வெப்பத்தில் மாவுக்கட்டினுள் வியர்த்துப் புண்படும் துன்பமோ சொல்லத்தரமன்று. கட்டே வேண்டாதபடி உள்ளேயே உறுதிசெய்தல் வேண்டுமென்று அவர் துணிந்தார். நம் 'ட' எழுத்தைப்போல் நுனி மடங்கிய இரு கோல்களை முதுகின் இருபுறமும் வைத்து, இரண்டு முனைகளில் மாத்திரமன்றி ஒவ்வொரு துண்டின் வளையத்திற்கும் அடியில் கம்பியை நுழைத்துக் கோலோடு முறுக்கினார். இருவர் சுமக்கும் பாரத்தை இருபதின்மர் சுமந்தாற்போல் பளு பகிர்ந்தது, கட்டு ஒழிந்தது. ஆனால் அக்கம்பி தண்டுவடத்தின் பக்கத்தே நுழைவதாதலின் நரம்புக்குக் கேடு நேரும் அபாயம் உண்டு. நம் நாட்டு வெயிலையும் நம் ஏழைகளையும் நினைக்குந்தோறும், ஹாரிங்டனினும் லூக்கேயே நமக்கு நெருங்கியவராய்த் தோன்றுகிறார்.

நரம்பு கெட்டதா இல்லையா என்பதை மயங்கிக் கிடப்பவரிடம் அறிவது எங்ஙனம்? பிரெஞ்சு வைத்தியர்கள் 1973-இல் ஓர் உபாயம் எழுதினர். நிமிர்த்தியவுடன் மயக்கத்தைச் சிறிது தளர்த்தி, "கையை அசை, இனிப் பாதத்தை அசை" என்று நோயாளியையே கேட்பது! பாதம் அசைந்தால் மீண்டும் உறங்கவைப்பர். அசையாவிடின் நிமிர்த்தியதைத் தளர்த்துவர். இப்பொழுது நரம்பின் வழியே செல்லும் மின்னோட்டத்தைச் சிகிச்சை முழுதும் கருவிகொண்டு பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள்.

பிரான்ஸ் தேசத்தார் செய்த உதவி இதனோடு முடியவில்லை. துண்டின் உடலையும் வளையத்தையும் இணைக்கும் காம்பு ஒன்றுண்டு. துண்டில் அதுவே வலியது. பாரிஸில் ருவா-காமீய் என்பவர் 1963-இல் அக்காம்பின் வழியே திருகாணியைச் செலுத்தினார். கம்பியும் கொக்கியும் பின்புறத்தை மாத்திரம் பற்ற, இத்திருகாணி துண்டு முழுவதையும் பிடித்தது. 1980-களில் கோத்ரெல், துபூஸே என்னும் இருவர், கோணல் முறுக்கமுமாதலின் நீட்டுதல் போதாது, முறுக்கையும் அவிழ்க்கவேண்டும் என்று கோலையே திருப்பி அமைக்கும் முறையைக் கண்டனர். கோணல் ஏன் வருகிறது என்று ஆராய்வதற்கு ஓர் அறநிலையத்தைக் கோத்ரெல் நிறுவியது அவர் பெருமையை இன்னும் உயர்த்துகிறது.

எல்லாரும் அவரைப்போல் இருந்துவிடவில்லை. முதுகுக் கருவிகள் பெரு வியாபாரமாயின. காம்புத் திருகாணியைப் பற்றி 1990-களில் அமெரிக்க நீதிமன்றங்களில் ஆயிரக்கணக்கான வழக்குகள் எழுந்தன. 1998-இல்தான் அத்தேசத்து அதிகாரிகள் அதனைக் குறிப்பிட்ட நோய்களுக்கு முறைப்படி ஏற்றனர். எலும்பை விரைந்து ஒட்டுவிக்கும் புரதம் ஒன்று 2002-இல் அங்கே அனுமதி பெற்றது. வியாபாரிகளின் பொருளுதவியால் நடந்த 13 ஆராய்ச்சிக் கட்டுரைகள் அதனால் ஒருவருக்கும் யாதொரு தீங்குமில்லை என்றன. 2011-இல் முதுகு வைத்தியர்களின் பத்திரிகை ஒன்றே அவற்றைத் துருவி ஆராய்ந்து, தீங்குகள் மறைந்து நின்றதை வெளியிட்டது. தம் தொழிலாளரையே தட்டிக்கேட்ட அவர்கள் நேர்மை போற்றத்தக்கது. சாதாரண முதுகுவலி பெரும்பாலும் சில வாரங்களில் கத்தியின்றியே தணியும். அதற்குத் திருகாணி வேண்டுமென்று சொல்லப்பட்டால், பணத்தைப் புரட்டுமுன் வேறொரு வைத்தியரையும் கேட்பது குற்றமாகாது.

கூனுக்குக் காரணமான க்ஷயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1970-களில் தொடங்கிச் சென்னையில் நடந்த ஒரு பெரும் பரிசோதனையில், முதுகெலும்பில் க்ஷயம் கண்டவர்களுள் சிலருக்கு மருந்து மாத்திரமும், சிலருக்கு மருந்தோடு ரண சிகிச்சையும் அளித்துப் பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தனர். நடமாடிக்கொண்டே மருந்துண்டவருள் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர். நரம்பு தாக்குண்டவர்க்கும், கூன் பெரிதாகும் நிலையினர்க்குமே கருவி வேண்டும். சிறு குழந்தைகளை மாத்திரம் வளர்ந்து முடியும்வரை கண்காணிக்கவேண்டும். நீங்காத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் கண்டால், மந்திரிப்பவரிடம் போகுமுன் மருத்துவமனைக்குப் போவதே முறை.

இனி நாம் தொடங்கிய பெண்ணிடம் திரும்புவோம். லண்டன் வைத்தியர் வில்லியம் ஆடம்ஸ் 1865-இல் கூறிய சோதனை இன்றும் வழங்குகிறது. காசு வேண்டாம், கருவி வேண்டாம். பிள்ளை கால்களைச் சேர்த்து நின்று, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியட்டும். பின்னால் நின்று பார்த்தால், முதுகின் ஒருபுறம் மற்றதினும் மேடாய் எழுந்திருப்பது தெரியும். பத்து வயதுமுதல் பதினைந்துவரை ஆறு மாதத்திற்கொருமுறை தாயே இதைப் பார்த்துவிடலாம். சிறு கோணல் ஆண் பெண் இருபாலார்க்கும் ஏறக்குறைய ஒப்ப வரினும், பெரிதாய் வளர்வது பெண்களிடமே மிகுதி.

மேடு கண்டால் எக்ஸ்ரே எடுத்துக் கோணத்தை அளப்பர். 10 பாகைக்குக் குறைந்ததை நோயென்றே எண்ணுவதில்லை. 25 பாகைக்கு மேற்பட்டு, வளர்ச்சியும் எஞ்சியிருந்தால் உடலோடு பொருந்தும் கவசம் அணிவிப்பர். கவசத்தால் பயனுண்டா என்று நெடுங்காலம் வாதிட்டனர். 2013-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சியில், கவசம் அணிந்தவருள் நூற்றுக்கு 72 பேரும், அணியாதவருள் நூற்றுக்கு 48 பேரும் ரண சிகிச்சை வேண்டும் அளவை எட்டாமலே வளர்ந்து முடிந்தனர். நாள்தோறும் சுமார் 13 மணி நேரத்திற்கு மேல் அணிந்தோரிடம் பலன் இன்னும் மிகுதி. ஆனால் வளர்ச்சி நின்றபின் கவசம் பயன்படாது. மறைத்து வைத்த இரண்டு வருஷங்களின் விலை இதுவே: கவசத்தால் முடியக்கூடியதைக் கோலுக்கும் திருகாணிக்கும் கொண்டுபோய் விடுகிறோம்.

45, 50 பாகையைக் கடந்தவர்க்கும் அச்சம் வேண்டா. ஹாரிங்டன் காலத்து மாதக்கணக்கான படுக்கை இன்றில்லை. சில நாளில் எழுந்து நடக்கிறார்கள். மிகச் சிறு குழந்தைகளுக்கு வளர வளர நீளும் கோல்களும் உண்டு. வெளியிலிருந்து காந்தத்தால் நீட்டும் வகையை ஹாங்காங் வைத்தியர்கள் 2012-இல் அறிவித்தனர். அதிலும் உள்ளே உலோகம் தேய்வது கண்டு 2020-இல் பிரிட்டனில் அதை வைப்பதை நிறுத்திவைத்தார்கள். சாரத்தின் கதை இன்னும் முடியவில்லை. முதுகை ஒட்டவைத்த பெண்கள் மணம் புரிந்து மக்களைப் பெற்று வாழ்வது பல்லாண்டுகளாய்க் கண்ட உண்மை. சம்பந்தம் பேச வருவோர் கேட்டால் மறைக்கவேண்டிய செய்தியன்று அது.

அக்கிராசனர் அனுமதித்தால் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கல்வி நிதியிலிருந்து புத்தகம் வழங்கும் நாளில் நம் பிள்ளைகள் அனைவரும் இம்மண்டபத்திற்கு வருகிறார்கள். அன்று பக்கத்து அறையில் ஒரு பெண் டாக்டரை இருத்தி, பத்துமுதல் பதினைந்து வயதுடைய பிள்ளைகளைக் குனியச் செய்து பார்க்கலாம். பெயர் எதையும் வாசிக்கவோ பதியவோ வேண்டா; எழுதவேண்டியதை எழுதி உறையிலிட்டு ஒட்டித் தாயின் கையில் கொடுத்துவிடலாம். வைத்தியம் வேண்டுவோர் பொருளின்றித் தவித்தால், கல்வி நிதியில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கலாமா என்பதைக் கமிட்டியார் ஆலோசிக்கவேண்டும். இதனை ஒரு தீர்மானமாக எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்துள்ளோம். வழிமொழிபவர் தாய்மார்களுள் ஒருவராயிருப்பின் நன்று.